முகத்து உரோமமும் மூடி மறைத்தலும்

கிழக்கிலங்கையின் கரையோர முஸ்லிம் ஊர்களைப் பற்றி எழுதப்பட்டவை இன்று ஓரளவுக்கேனும் உள. மருதமுனையின் கைத்தறி, கல்முனைக்கு மேற்கே விரியும் நெல்வயல், தாய்வழிக் குடிமுறை, நாட்டார் கவி, 2004 டிசம்பர் 26இல் கரையோரத்தை அள்ளிச் சென்ற கடல் ஆகிய யாவும் ஆய்வாளரின் கவனத்தைப் பெற்றுள்ளன. ஆனால் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் உள்ள எத்தனையோ வீடுகளில் விடியற்காலையில் அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டு, கைக்கண்ணாடியை யன்னலோரம் பிடித்து, நாடியிலும் மேலுதட்டிலும் முளைத்த கரிய மயிரை ஒவ்வொன்றாகப் பிடுங்கும் பெண்ணைப் பற்றி எழுதினோர் இலர். அவள் யாரிடமும் சொல்வதில்லை. தாய்க்குத் தெரியும், தாயும் சொல்வதில்லை.

இஃது ஒரு தமிழ்ச் சங்கத்தின் ஆண்டிதழில் எழுதத்தக்க பொருள்தானா என்ற வினா எழக்கூடும். காப்பிய நாயகியரின் முகத்தை மதியென்றும் தாமரையென்றும் வருணிப்பதில் பக்கம் பக்கமாகச் செலவிடும் ஒரு துறை, அம்மதியில் முளைக்கும் மயிரைப் பற்றி ஒரு கட்டுரைக்கு இடமளித்தால் அதன் மாண்பு குறைந்துவிடாது. மேலும், இப்பொருளைப் பேசுதற்கு முதல் தடையாக நிற்பது மொழியே. மயிர் என்பது பழந்தமிழில் மாசற்ற சொல். புலவரும் உரையாசிரியரும் கூச்சமின்றி வழங்கியது. இன்றோ அது சந்தியில் சண்டையிடுவோரின் வசைச்சொல்லாகி, படித்தோர் உரோமம் என்ற வடசொல்லுக்குள் ஒதுங்கிக்கொண்டனர். மகளிரோ இரண்டையும் விடுத்துப் 'பூனைமுடி' என்பர். நாடியில் ஆணுக்கு முளைப்பது போலத் தடித்து முளைத்ததையும் பூனைமுடி என்றே சொல்லித் தம்மைத் தேற்றிக்கொள்வர். மருத்துவரிடம் செல்லும் பெண் தன் குறையைச் சொல்லும் சொல்லே இல்லாமற் போனால், அவள் விரலால் நாடியைத் தொட்டுக் காட்டிவிட்டுத் தலை குனிவதைத் தவிர வேறென்ன செய்வாள்?

உடலியல் இதனை எவ்வாறு விளக்குகின்றது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். ஆணின் முகத்திலும் பெண்ணின் முகத்திலும் உள்ள மயிர்க்கால்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு அவை பெறும் கட்டளையில் உள்ளது. அந்திரோஜன் எனப்படும் ஓமோன்கள், ஆண்பால் ஓமோன் என்று பெயர் பெற்றிருப்பினும், பெண்ணின் சூலகத்திலும் சிறுநீரகத்தின் மேலமைந்த அதிரீனல் சுரப்பியிலும் இயல்பாகவே சிறிதளவு சுரக்கின்றன. இவ்வளவு மிகுமாயின், அல்லது மயிர்க்கால்கள் அவற்றுக்கு அளவுகடந்து செவிசாய்க்குமாயின், மென்மையான நிறமற்ற இழை கரிய தடித்த மயிராக மாறுகின்றது. ஒருமுறை அவ்வாறு மாறியது தானாகவே பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. இதற்குப் பெரும்பாலும் காரணமாவது பன்னீர்க்கட்டிச் சூலக நோய்த்தொகுதி என மருத்துவர் வழங்குவது. மாதவிடாய் ஒழுங்கு தவறுதல், முகப்பரு, உடற்பருமன், கழுத்தின் பின்புறம் கருத்துத் தடித்தல் ஆகியவையும் இதனோடு சேர்ந்து வரக்கூடும். இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காதபோது இரத்தத்தில் இன்சுலின் மிகுகின்றது. மிகுந்த இன்சுலின் சூலகத்தைத் தூண்டி அந்திரோஜனைச் சுரக்கச் செய்கின்றது. அதே வேளையில் அவ்வோமோனைக் கட்டி வைக்கும் புரதத்தை ஈரல் குறைவாகவே ஆக்குகின்றது. ஆகவே நாடியில் தெரியும் மயிர் தோலின் நோயன்று. உள்ளே நிகழும் ஒரு குழப்பத்தின் வெளி அடையாளம்.

இவ்வடையாளத்தை மனிதர் கண்டுகொண்டது நேற்றன்று. கிரேக்க மருத்துவர் இப்போகிறத்தீசின் பெயரால் வழங்கும் நூல்களுள், அப்தெரா நகரத்துப் பெண்ணொருத்தி பற்றிய குறிப்பு உள்ளது. கணவன் நாடுகடத்தப்பட்டபின் அவளுக்கு மாதவிடாய் நின்றது. உடலெங்கும் மயிரும் முகத்தில் தாடியும் வளர்ந்தன. மருத்துவம் பயனளிக்காது இறந்தாள். 1921ஆம் ஆண்டிலே பிரான்சிய மருத்துவர்களான அஷாரும் தியேரும் 'தாடியுள்ள பெண்களின் நீரிழிவு' என்ற பெயரிலேயே ஒரு கட்டுரை வெளியிட்டனர். இரக்கமற்ற பெயர், ஆயினும் முகத்து மயிருக்கும் இரத்தத்துச் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பை அது அன்றே சுட்டியது. 1935இல் சிக்காகோவைச் சேர்ந்த ஸ்ரைன், லெவென்தால் என்னும் இருவர் ஏழு பெண்களை ஆராய்ந்து இன்றைய நோய்த்தொகுதிக்கு உருவம் கொடுத்தனர். 1961இல் பெரிமன், கால்வே என்போர் உடலின் பதினொரு இடங்களில் மயிர் வளர்ச்சிக்குப் புள்ளியிடும் முறையை வகுத்தனர். பின்னர் அது ஒன்பது இடங்களாகச் சுருக்கப்பட்டது. 2003இல் ரொட்டர்டாம் நகரிலே கூடிய வல்லுநர் நோயை இனங்காண்பதற்கான அளவுகோலை வகுத்தனர்.

இவையெல்லாம் மேல்நாட்டார் சங்கதி என ஒதுக்குவார்க்கு ஒன்று கூறலாம். 2008இல் வெளிவந்த ஆய்வொன்றில், கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயது வரையான பெண்களுள் 6.3 வீதத்தினர் இந்நோய்த்தொகுதி உடையோர் எனக் குமாரப்பெலியும் பேராசிரியை சந்திரிகா விஜேரத்னவும் அவர்தம் குழுவினரும் கண்டனர். விஜேரத்ன பங்குகொண்ட 2002ஆம் ஆண்டின் பிறிதோர் ஆய்வு, இங்கிலாந்தில் வாழும் தெற்காசியப் பெண்களில் இந்நோய் வெள்ளையரைக் காட்டிலும் இளவயதிலேயே, கடுமையாக, கூடிய உரோமத்தோடு வெளிப்படுவதாகக் காட்டியது. கம்பஹாவின் வீதத்தை அப்படியே கல்முனைக்குப் பொருத்துவது அறிவுடைமையன்று. ஆனால் கல்முனைப் பெண்ணின் உடல் கம்பஹாப் பெண்ணின் உடலினின்றும் வேறான விதிகளுக்கு உட்பட்டதென்று கருதுவதும் அறிவுடைமையாகாது. இருபது பேர் கொண்ட வகுப்பறையில் ஒருத்தியேனும் இருக்கக்கூடும் என்பதே அவ்வீதத்தின் பொருள்.

அவ்வொருத்தியை ஊர் எவ்வாறு நடத்துகின்றது? இவ்விடத்திலேயே வழக்கு ஆரம்பமாகின்றது.

இக்கரையோரத்துக் குடும்ப அமைப்பு பெண்ணுக்குச் சாதகமானது என்று மானிடவியலாளர் எழுதுவர். குடி தாய்வழி வருவது. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகின்றன. மணமான மாப்பிள்ளையே பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்கின்றான். 1969 முதல் அக்கரைப்பற்றிலே கள ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலிலே இதனை விரிவாகவே எழுதியுள்ளார். உண்மைதான். ஆனால் இதே அமைப்பின் மறுபக்கம் யாது? வாப்பா மத்திய கிழக்கில் வெயிலில் நின்று உழைத்த பணத்தில் கல் மேல் கல்லாக வீடு எழும்புகின்றது. கூரை வேய்ந்து, நிலைக்கதவு பூட்டி, நிலத்துக்கு ஓடு பதித்தாகிவிட்டது. வீட்டை முழுமையாகப் பெறப்போகும் தரப்பினர் பெண் பார்க்க வருகின்றனர். வருவோர் பெண்களே: மாப்பிள்ளையின் உம்மா, ராத்தா, மாமிமார். வெளிச்சமுள்ள இடமாகப் பார்த்துப் பெண்ணை இருத்துகின்றனர். அவர்களுடைய கண் முதலிற் செல்லுமிடம் மேலுதடும் நாடியும். வீட்டைக் கொடுப்பவள் அவள். சோதனைக்கு உட்படுபவளும் அவளே! வந்து குடியேறப் போகிறவனின் நீரிழிவையோ வழுக்கையையோ புகைப்பழக்கத்தையோ எவரும் வெளிச்சத்தில் இருத்திப் பார்ப்பதில்லை.

முகத்திரை அணிவோர்க்கு இத்தொல்லை இல்லையென்று சிலர் நினைக்கின்றனர். அவர்கள் பெண்கள் கூடும் வீட்டினுள்ளே ஒருநாளும் இருந்தறியாதவர்கள். திரை ஆடவரின் பார்வையைத் தடுக்கின்றது. மணப்பெண்ணின் முகத்தைத் தீர்ப்பிடுவதோ பெண்களின் பார்வை. அங்கே திரையில்லை.

எனவே மறைத்தல் ஒரு குடும்பத் தொழிலாகின்றது. மகளுக்குப் பதினேழு வயதில் மாதவிடாய் மூன்று மாதம் தள்ளிப் போகின்றது. நாடியில் மயிர் தெரிகின்றது. அயலவர் அறியாதபடி வேறூருக்குச் சென்று ஒரு பரிசாரியிடம் எண்ணெய் வாங்குகின்றனர். பிறிதோரிடத்தில் களிம்பு. உள்ளூர் வைத்தியசாலையைத் தவிர்க்கின்றனர். அங்கே பணிபுரியும் தாதியோ சிற்றூழியரோ யாரேனும் ஒருவருக்குச் சொந்தமாக இருப்பர் அல்லவா? கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை உட்பட இரண்டு ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. கூப்பிடு தூரத்தில் மருத்துவம் இருக்க, ஊரின் நாவுக்கு அஞ்சி நோயாளி வராதிருப்பது இந்நோயின் தனிச்சிறப்பு. இறுதியில் உம்மாவின் உம்மா தீர்ப்புக் கூறுகின்றாள்: "கலியாணம் முடிச்சா எல்லாம் சரியாப் போகும்."

இவ்வொரு வாக்கியம் இழைத்த தீங்கு கொஞ்சமன்று. கலியாணம் எந்தச் சூலகத்தையும் குணப்படுத்தியதில்லை. சூல் வெளிவராது, மாதவிடாய் மாதக்கணக்கிலே தடைப்பட்டிருப்பின் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். நெடுங்காலம் கவனிக்காது விடின் அங்கே புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் மிகும். இரண்டாம் வகை நீரிழிவுக்கும் பேறுகால நீரிழிவுக்கும் இப்பெண்களே முன்வரிசையில் நிற்கின்றனர். மனச்சோர்வு இவர்களிடையே ஏனையோரினும் கூடுதலாகக் காணப்படுகின்றது. வேறு சில வேளைகளில், குறுகிய காலத்தில் மயிர் திடீரென வளர்ந்து குரலும் கரகரத்துத் தடிக்குமாயின், அது சூலகத்திலோ அதிரீனலிலோ கட்டி இருப்பதன் அறிகுறியாகலாம். ஒரு வாரங்கூடத் தாமதிக்கலாகாது. பிறவியிலேயே அதிரீனல் சுரப்பியில் ஒரு நொதியம் குறைவுபடுவதாலும் உரோமம் வளர்வதுண்டு. தாய் தந்தை இருவர் வழியாகவும் வந்தாலன்றி வெளிப்படாத குறைபாடு அது. மச்சான் முறையில் மணம் முடிக்கும் சமூகம் சற்றுக் கூடுதலாகவே கவனிக்க வேண்டியது. இவையனைத்தையும் ஒரு மயிரிழைக்குப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டு, அதனைப் பிடுங்கியதும் நோய் நீங்கியதென மகிழ்வது, தீப்பற்றிய வீட்டில் புகை வரும் யன்னலைச் சாத்துவது போன்றது.

மலட்டுத்தன்மை பற்றிய அச்சமே மறைத்தலின் வேர் என்பது உண்மை. நோயின் பெயரை மருத்துவர் எழுதிவிட்டால், "இவளுக்குப் பிள்ளை கிடையாது" என்று ஊர் முடிவு கட்டிவிடும் என்று பெற்றோர் நடுங்குகின்றனர். ஆனால் இந்நோய்த்தொகுதியுடைய பெண்களுட் பெரும்பாலோர் தாமாகவோ, சூல் வெளிவரத் தூண்டும் மாத்திரைகளின் துணைகொண்டோ கருத்தரிக்கின்றனர். 1935இன் அவ்வேழு பெண்களுள்ளேயே இருவர் பின்னர் கருவுற்றனர். அன்றிருந்த ஒரே வழி சூலகத்தின் ஒரு பகுதியை வெட்டி அகற்றும் சத்திரசிகிச்சை. இன்று அவ்வாறு எடுத்த எடுப்பிலே கத்தியை நாட வேண்டிய நிலை இல்லை.

சிகிச்சை என்று வருமிடத்தும் ஊரின் பார்வை நோயாளியைத் துரத்துகின்றது. ஓமோன் சமநிலை குலைந்து முகத்தில் உரோமம் வளரும் பெண்ணுக்கு முதலில் வழங்கப்படும் மருந்து பெரும்பாலும் இரண்டு ஓமோன்கள் கலந்த மாத்திரை. அது சூலகத்தின் அந்திரோஜன் சுரப்பைக் குறைக்கின்றது, ஈரலில் அதனைக் கட்டும் புரதத்தைக் கூட்டுகின்றது, மாதவிடாயையும் ஒழுங்குபடுத்துகின்றது. இதே மாத்திரைக்கு மற்றொரு பெயருண்டு: கருத்தடை மாத்திரை. 'மித்துரி' என்னும் பெயர் பொறித்த உறையொன்று மணமாகாத பெண்ணின் மேசை இலாச்சியில் காணப்பட்டால் அவ்வீட்டில் என்ன நிகழும் என்பதை விபரிக்கத் தேவையில்லை. மருந்தை வாங்கி வந்து, உறையைக் கிழித்தெறிந்து, மாத்திரைகளை வேறொரு சிமிழில் இட்டு விழுங்க வேண்டியுள்ளது. வேளை மாறுகின்றது, நாட்கள் தவறுகின்றன, மூன்றாம் மாதம் கைவிடப்படுகின்றது. மயிரின் வளர்ச்சிச் சுற்று நீண்டது. எந்த மருந்தும் பயன்காட்ட ஆறு மாதமாவது செல்லும் என்பதை எவரும் அவளுக்குச் சொல்லவில்லை. ஸ்பைரோனோலக்டோன் என்னும் மற்றொரு மருந்து அந்திரோஜனின் செயலையே தடுக்கின்றது. அதனை உட்கொள்ளும் காலத்திலே கருவுற்றால் வயிற்றில் வளரும் ஆண் சிசுவுக்குத் தீங்கு நேரலாம் என்பதால், மணமான பெண்ணுக்கு அதனோடு கருத்தடையும் அவசியமாகின்றது. மணமான முதல் மாதத்திலிருந்தே "ஒன்றும் இல்லையா?" என்று வினவும் மாமியார் இருக்கும் வீட்டில் அது எவ்வாறு நடைபெறும்? இம்மருந்துகள் எல்லோர்க்கும் ஒவ்வாதன. இரத்த அழுத்தம், இரத்தக்கட்டி, சிலவகை ஒற்றைத் தலைவலி உடையோர்க்கு மாத்திரை ஆகாது. இவற்றைத் தெரிந்து கொடுக்க மருத்துவர் தேவை. கடைக்காரரோ அயல்வீட்டாரோ தேவையில்லை.

மார்க்கத்தின் பெயரால் எழும் தடையையும் நேர்நின்று நோக்க வேண்டியுள்ளது. முகத்து மயிரைக் களைவது இறைவனின் படைப்பை மாற்றுவதாகும், அவ்வாறு செய்யும் பெண் சபிக்கப்பட்டவள் என்று பெண்களுக்கான பயான்களில் அச்சுறுத்துவோர் உளர். புருவ மயிரைப் பிடுங்குவோர் பற்றி வந்துள்ள நபிமொழியை அவர்கள் ஆதாரமாகக் கொள்கின்றனர். இக்கரையோர மக்கள் பின்பற்றுவது ஷாபிஈ மத்ஹப். அம்மத்ஹபின் தலையாய அறிஞருள் ஒருவரும் 1277இல் காலமானவருமான இமாம் நவவி, ஸஹீஹ் முஸ்லிமுக்கு எழுதிய விரிவுரையில் இதே நபிமொழியை விளக்குமிடத்து, பெண்ணுக்குத் தாடியோ மீசையோ முளைக்குமாயின் அதனைக் களைவது விலக்கப்பட்டதன்று, விரும்பத்தக்கது என்றே தீர்த்திருக்கின்றார். அவருக்கு மூன்று நூற்றாண்டு முந்திய தபரி மாறாகக் கருதியதையும் அவர் மறைக்காமல் அவ்விடத்திலேயே குறித்துள்ளார். எழுநூறு ஆண்டுக்கு முன் டமஸ்கஸில் வாழ்ந்த அறிஞர் ஒருவருக்குப் பெண்ணின் நாடியில் மயிர் முளைக்கும் என்ற செய்தி தெரிந்திருந்தது. அதனை எழுதக் கூச்சமும் இருக்கவில்லை. அவருடைய நூல்களை ஓதிப் பட்டம் பெற்றோர் அப்பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டுச் செல்வானேன்?

வெட்கம் இருக்குமிடத்தில் வாணிகம் இருக்கும். 1920களிலே அமெரிக்காவில் எக்ஸ் கதிரைக் கொண்டு முகத்து மயிரை நோவின்றி நீக்குவதாக விளம்பரம் செய்த நிலையங்கள் ஊர்தோறும் திறக்கப்பட்டன. சென்ற பெண்களின் தோல் வெந்து சுருங்கியது. ஆண்டுகள் கழித்துப் பலருக்குப் புற்றுநோய் தோன்றியது. 1930களின் தொடக்கத்தில் 'கோரெம்லு' என்ற களிம்பு அங்கே விற்பனையாயிற்று. அதனுள் இருந்தது எலி நஞ்சாகப் பயன்பட்ட தாலியம். பூசியோரின் மயிர் உதிர்ந்தது, கால்கள் செயலிழந்தன, பார்வையும் கெட்டது. நஞ்சென்று தெரியாமலே அவர்கள் பூசினர். தெரிந்தபின்னும் பலர் வழக்குமன்றம் செல்லவில்லையென்றால் வியப்பில்லை, எதற்காகப் பூசினாய் என்ற முதல் வினாவுக்கே விடை சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

இன்று எக்ஸ் கதிர் போய்விட்டது. பதிவு செய்யப்படாத வெண்மைக் களிம்புகள் வந்திருக்கின்றன. அவற்றிலே பாதரசம் இருப்பது இலங்கைச் சந்தையில் ஒருமுறைக்கு மேல் கண்டறியப்பட்டுள்ளது. இன்னொரு வகையில் வீரியம் மிக்க ஸ்டெரொய்ட் கலந்திருக்கும். கொடுமை யாதெனில், ஸ்டெரொய்டை முகத்தில் நெடுநாள் பூசினால் தோல் மெலிந்து சிவப்பதோடு மயிரும் கூடுதலாக வளரும்! ஒளிக்கற்றைச் சிகிச்சை எனப்படும் லேசர், முறையாகச் செய்தால் பயனுள்ளதே. ஆயினும் கறுத்த தோலுக்கு உரிய அலைநீளத்தைத் தெரிந்து செய்யாவிடின் வெந்து தழும்பாகும். தெற்காசியப் பெண்களின் முகத்தில் சில வேளைகளில் அது மயிரைக் குறைப்பதற்கு மாறாக அயற்புறத்தில் புதிதாய்த் தூண்டிவிடுவதும் உண்டு. அதற்குப் பலமுறை செல்ல வேண்டும். உள்ளே ஓமோன் குழப்பம் தீராதவரை திரும்பவும் வளரும். ஒவ்வொரு மயிர்க்காலாக மின்சாரத்தால் எரிக்கும் முறை 1875இலிருந்தே உள்ளது. நிரந்தரமானது, ஆனால் பொறுமையும் பணமும் வேண்டுவது. மணநாளுக்கு முந்திய இரு மாதங்களுக்குள் அனைத்தையும் முடித்துத் தருமாறு கேட்கும் தாய்மாரிடம் இவ்வுண்மைகளை எடுத்துரைத்தால் வியாபாரம் நடவாது. ஆகையால் உரைக்கப்படுவதில்லை.

இடையே ஒரு மூடநம்பிக்கை. சவரம் செய்தால் மயிர் தடித்து வளரும் என்று நடுங்கி, எளிய, மலிவான, நோவற்ற அவ்வழியைப் பெண்கள் தொடுவதேயில்லை. நூல் கொண்டு பிடுங்கிப் பிடுங்கி, மயிர்க்கால் புண்பட்டு, தோல் கறுத்துப் போவோர் பலர். 1928இலேயே உடற்கூற்றியலாளர் மில்ட்ரெட் ட்ரொட்டர் இதனைச் சோதித்துச் சவரத்தால் மயிரின் தடிப்போ வேகமோ மாறுவதில்லையெனக் காட்டினார். வெட்டிய நுனி மழுங்கியிருப்பதால் கைக்குச் சொரசொரப்பாகத் தோன்றுகின்றது, அவ்வளவே. உண்மையிலே தடையாயிருப்பது தோலன்று. சவரம் ஆணின் செயல் என்ற எண்ணமே.

இவற்றை எல்லாம் எதற்காகச் செய்ய வேண்டும், மயிரை அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று வினவும் ஒரு தரப்பும் இன்று பல்கலைக்கழகங்களில் உண்டு. வினா நேர்மையானது. 2024 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தின் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் 98.5 வீதப் புள்ளி பெற்று மாநிலத்திலேயே முதலிடம் பெற்ற மாணவியின் புகைப்படம் வெளியானபோது, அவளுடைய புள்ளியை எவரும் பேசவில்லை. மேலுதட்டு மயிரையே இந்தியா பேசியது. சில புள்ளிகள் குறைந்திருந்தால் இத்தகைய ஏச்சுக்கு ஆளாகியிருக்க மாட்டேன் என்ற கருத்துப்பட அச்சிறுமி கூற நேர்ந்தது. சவரப்பொருள் விற்கும் நிறுவனமொன்று அவளுக்கு ஆறுதல் கூறுவதாகப் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, தன் பெயரையும் அதிலே பொறித்துக்கொண்டது. இத்தகைய உலகில், மயிரோடு நிமிர்ந்து நடப்பேன் என்று ஒரு பெண் துணிவாளாயின் அவள் போற்றப்பட வேண்டியவளே. ஆனால் அத்துணிவைக் கல்முனைச் சந்தையிலும் கலியாண வீட்டிலும் தனித்து நின்று செலுத்துமாறு பதினெட்டு வயதுப் பெண்ணுக்குக் கட்டளையிடும் உரிமை விரிவுரை மண்டபத்தில் இருப்போர்க்கு இல்லை. களைவதா வளர்ப்பதா என்பது அவளுக்குரிய தீர்மானம். மயிரை ஏற்றுக்கொள் என்று கூறுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர்: மயிரை ஏற்றுக்கொண்டாலும் நீரிழிவு அவளை விட்டுவிடாது. இரத்தத்தைச் சோதிக்காத விடுதலைவாதம் பாட்டியின் வாக்கியத்துக்குச் சளைத்ததன்று.

அரசின் பொறுப்பு பற்றியே இறுதியாகக் கேட்க வேண்டியுள்ளது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை இலங்கையின் பெருமை. மருத்துவ மாது வீடு வீடாகச் செல்லும் நாடுகள் பலவில்லை. அம்மாது கையிலெடுத்துச் செல்லும் பதிவேட்டின் பெயர் தகுதிவாய்ந்த குடும்பங்களின் பதிவேடு. மணமாகிக் குடும்பமானோர் அதிலே இடம்பெறுவர். புதுமணத் தம்பதியர்க்கென்று ஒரு திட்டம் உண்டு, கர்ப்பிணிக்கு உண்டு, தாய்க்கும் சேய்க்கும் உண்டு. 1996இல் ஆரம்பிக்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் மார்பகத்தையும் கருப்பைக் கழுத்தையும் சோதிக்கின்றது. அது முதன்மையாக அழைப்பது முப்பத்தைந்து வயதான பெண்ணை. இளையோர்க்கான நிலையங்கள் சில வைத்தியசாலைகளில் உண்டெனினும் உறவினர் நடமாடும் தாழ்வாரத்தைக் கடந்தே அவற்றுக்குச் செல்ல வேண்டியுள்ளது. ஆக, பதினைந்து வயதில் மாதவிடாய் குழம்பி, பதினேழில் நாடியில் மயிர் முளைத்து, இருபத்திரண்டில் மணமாகும் பெண்ணை அரசு முதன்முதலிற் சந்திப்பது அவளுடைய கலியாணத்துக்குப் பின். பாட்டி கூறிய அதே வாக்கியத்தை அரசும் தன் பதிவேட்டு மொழியில் கூறுகின்றது.

இதனை மாற்றப் பெருந்தொகை தேவையில்லை. வாசலுக்கு வரும் மருத்துவ மாது, அவ்வீட்டில் மணமாகாத மகளும் இருந்தால் அவளையும் தனியே அழைத்து, மாதவிடாய் ஒழுங்காக வருகின்றதா என்று ஒரு வினாவும், முகத்தில் ஏதும் தொல்லை உண்டா என்று மற்றொரு வினாவும் கேட்பதற்கு இரண்டு நிமிடம் போதும். விடை 'ஆம்' என்றால் அனுப்பிவைக்க ஒரு துண்டுச்சீட்டு. அத்துண்டில் நோயின் பெயரை எழுத வேண்டியதில்லை. உறவுக்காரத் தாதி அதனை வாசித்துவிடக்கூடும். கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரி முதலான பாடசாலைகளிலிருந்து மருத்துவ பீடங்களுக்குச் சென்று, வெள்ளை அங்கியோடு இதே ஊர்களுக்குத் திரும்பியிருக்கும் பெண் மருத்துவர்கள் உளர். அவர்களுட் சிலரேனும் தம் பதினேழாவது வயதில் கைக்கண்ணாடியை யன்னலோரம் பிடித்தவர்களாக இருத்தல் கூடும். வாரத்தில் ஒரு மாலைப் பொழுதில், தோல் கிளினிக் என்ற பெயர்ப்பலகையின் கீழாவது, அவர்கள் ஓர் அறையைத் திறந்து வைப்பார்களாயின் வெளியே வரிசை எவ்வளவு நீளும் என்பதைச் சுகாதார அதிகாரிகள் தம் கண்ணாலேயே எண்ணிக்கொள்ளலாம்.